கிளப் ஃபுட்: மாவுக்கட்டில் சரியாகுமா, பெரிய ஆபரேஷன் வேண்டுமா?

9 ஆகஸ்ட் 2021, மாலை (புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி)

எனக்கு இப்போது 21 வாரம். நேற்று எடுத்த ஸ்கேனில் குழந்தையின் இரண்டு பாதமும் உள்பக்கம் திரும்பியிருக்கிறது, கிளப் ஃபுட் போல் தெரிகிறது என்றார்கள். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வயது ஆனதும் பெரிய ஆபரேஷன், அப்படியும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கும் என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். மாவுக்கட்டிலேயே நேராகிவிடும் என்கிறார் இன்னொருவர். எது நிஜம்? இந்தக் குழந்தை நடக்குமா?

9 ஆகஸ்ட் 2021, இரவு 10.50

நடக்கும். ஓடும், பந்து உதைக்கும். முதலில் சாப்பிடுங்கள் தங்கச்சி.

என் சின்னவன் 2018 மே மாதம் பிறந்தான். இடது பாதம் உள்ளே மடங்கி, உள்ளங்கால் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. துணியில் சுற்றிக் கொடுத்த நர்ஸம்மா அந்தக் காலை மட்டும் நன்றாக மூடிக் கொடுத்தார். நான் பிரித்துப் பார்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்று அவனுக்கு மூன்றே கால் வயது. இதை எழுத உட்காரும் முன் மொட்டை மாடிப் படியிலிருந்து அவனை இரண்டு முறை இறக்கிக்கொண்டு வந்தேன்.

மாவுக்கட்டு என்று சொன்னவர்தான் சரி. பொன்செட்டி முறை என்று பெயர். பிறந்து ஒன்றிரண்டு வாரத்தில் ஆரம்பிப்பார்கள். வாரம் ஒரு கட்டு, பெரும்பாலும் ஐந்தாறு கட்டு. ஒவ்வொரு முறையும் பாதத்தைக் கையால் கொஞ்சமே கொஞ்சம் திருப்பி, திருப்பிய நிலையிலேயே தொடை வரை கட்டுப் போடுவார்கள். கடைசியில் பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்குக் குதிகால் நரம்பை ஒரு சின்னக் கீறல் போட்டு வெட்டுவார்கள். அதற்கப்புறம் மூன்று வாரம் இன்னொரு கட்டு. அதன் பிறகு ஷூ. ஷூவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதுதான் பெரிய வேலை.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். முதுகெலும்பு, கை, மற்ற மூட்டுகள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஸ்கேனை விவரமாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தில் நான்கு குழந்தைகளுக்குப் பாதத்தில் மட்டும்தான் குறை இருக்கும். மீதிப் பேருக்கு வேறு பிரச்சினையின் ஒரு பகுதியாக வரலாம். உங்களுக்கு எது என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

10 ஆகஸ்ட் 2021, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். குதிகால் நரம்பு என்று எழுதிவிட்டேன். அது நரம்பு இல்லை, தசைநார். உங்கள் குதிகாலுக்கு மேலே பின்பக்கம் தொட்டால் கயிறு மாதிரி விறைப்பாக ஒன்று இருக்கும், அதுதான். நம் ஊரில் நாரையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 'நரம்பை வெட்டப் போகிறோம்' என்று காதில் விழுந்து, கால் உணர்ச்சியற்றுப் போய்விடும் என்று பயந்து கையெழுத்துப் போடாமல் எழுந்து போன ஒரு தாத்தாவை நான் வார்டிலேயே பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வெட்டிய நார் அந்த மூன்று வாரக் கட்டுக்குள்ளேயே, முன்பைவிட நீளமாக, மறுபடி வளர்ந்து சேர்ந்துகொள்ளும். குழந்தையின் உடம்பு அப்படி.

10 ஆகஸ்ட் 2021, இரவு

சிவகாசி அண்ணா கேட்டிருக்கிறார்: "என் பெண்ணுக்கு வலது கால். உங்கள் பையனைவிட இரண்டு மாதம் மூத்தவள். நேராகிவிட்டது. ஆனால் கெண்டைக்கால் அந்தப் பக்கம் மட்டும் ஒல்லியாக இருக்கிறது. ஏதாவது தவறவிட்டோமா?"

இல்லை அண்ணா. இவனுக்கும் அப்படித்தான். ஒரு காலில் மட்டும் இருந்தால் அந்தக் கெண்டைக்கால் சற்று மெலிந்தும், பாதம் கொஞ்சம் சின்னதாகவும் இருக்கும். எவ்வளவு நன்றாகச் சிகிச்சை செய்தாலும் அந்த வித்தியாசம் முழுதாகப் போவதில்லை. கிளப் ஃபுட் வெறும் எலும்புக் கோணல் இல்லை, முழங்காலுக்குக் கீழே தசை, நார், எலும்பு எல்லாமே பிறப்பிலேயே கொஞ்சம் வேறு மாதிரி அமைந்தவை. நீங்கள் எதையும் தவறவிடவில்லை.

12 ஆகஸ்ட் 2021

ஏன் ஒரு வயது வரை காத்திருக்கக் கூடாது என்பதற்கு என் கண்ணால் பார்த்த ஒரு விஷயம்.

நாங்கள் முதலில் போன டாக்டர் (ஊர், பெயர் வேண்டாம்) "ஒரு வயசு ஆகட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்றார். மனது கேட்காமல் மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் என் பிள்ளையின் பாதத்தில் எலும்பே இல்லை. குதிகாலில் ஒரு பொட்டு, கணுக்கால் பக்கம் ஒரு பொட்டு, விரல்களுக்குப் போகும் சின்னக் குச்சிகள். நடுவில் எல்லாம் வெற்றிடம். எலும்பே வளரவில்லையா என்று அழுதுவிட்டேன்.

அந்த டாக்டரம்மா படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார். பிறந்த குழந்தையின் பாதத்தில் பெரும்பகுதி குருத்தெலும்புதான். அது எக்ஸ்ரேயில் தெரியாது. வளர வளர ஒவ்வொன்றாக உள்ளிருந்து எலும்பாக மாறும். பாதத்தின் உள்பக்கம் படகு மாதிரி ஓர் எலும்பு இருக்கிறது, நாவிகுலர் என்று பெயர். அது எலும்பாகத் தொடங்கவே சுமார் மூன்று வயது ஆகும். கிளப் ஃபுட்டில் ரொம்பவும் இடம் மாறி உள்ளே ஒதுங்கி நிற்பது அதுதான்.

அதாவது, திருப்ப வேண்டிய பாதம் இப்போது பிசைந்த மாவு. காய்ந்தபிறகு நிமிர்த்தலாம் என்பது என்ன யோசனை? வான்கூவரில் ஷஃபீக் பிரானி என்ற எலும்பு மருத்துவர் குழுவினர் கட்டுப் போடும் காலத்திலேயே குழந்தைகளின் பாதத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். எலும்புகள் இடம் திரும்பியதோடு நிற்கவில்லை, கோணலாக இருந்த குருத்தெலும்புகளின் வடிவமே மாறியிருந்தது. சரியான நிலையில் பிடித்து வைத்தால் வளர்ச்சியே அந்தத் திசையில் போகிறது. நம் பிள்ளைகளின் காலுக்கு இத்தனை மார்க் என்று டாக்டர்கள் நோட்டில் எழுதுகிறார்களே, அந்த மதிப்பெண் முறைக்கும் பிரானி பெயர்தான்.

12 ஆகஸ்ட் 2021, கொஞ்ச நேரம் கழித்து

மேலே 'பிசைந்த மாவு' என்று எழுதியதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பிசைய வேண்டாம்! எண்ணெய் தேய்த்து நீவி நிமிர்த்துகிறோம் என்று கிளம்பினால் காரியம் கெடும். எங்கே பிடிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதத்தின் வெளிப்பக்கம், கணுக்கால் முன்னே துருத்திக்கொண்டு ஒரு மேடு தெரியும். தாலஸ் என்ற எலும்பின் தலை அது. டாக்டர் கட்டைவிரலை அதன்மேல் மட்டும் வைத்து அசையாமல் நிறுத்தி, மற்றக் கையால் முன்பாதத்தை மெதுவாக வெளியே கொண்டுபோகிறார். பிள்ளை பால் குடித்துக்கொண்டே இருந்தான், அழவில்லை. அட்லாண்டாவில் கைட் என்ற மருத்துவர் பல வருடம் இதே மாவுக்கட்டைப் போட்டார். அவர் அழுத்தியது இன்னும் முன்னால், வேறு மூட்டில். குதிகால் திரும்ப வழியில்லாமல் போய், மாதக்கணக்கில் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி வைத்ததில் இத்தனை வித்தியாசம்.

முதல் கட்டு முடிந்ததும் கால் இன்னும் மோசமாகத் திரும்பியது போலத் தெரியும். பயப்படாதீர்கள். உள்ளங்கால் குழிவைச் சரிசெய்ய முன்பாதத்தை முதலில் மேலே தூக்குகிறார்கள். திருப்புவதெல்லாம் இரண்டாவது கட்டிலிருந்துதான்.

15 ஆகஸ்ட் 2021

'புத்தூர் கட்டு போடலாமா' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாவுக்கு மணிக்கட்டு முறிந்தபோது அங்கே கட்டித்தான் சேர்ந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது முறிவு இல்லை. முறிந்த எலும்பை அசையாமல் வைத்தால் தானாகச் சேரும். இங்கே சேர வேண்டியது எதுவும் இல்லை, திரும்ப வேண்டியதுதான் இருக்கிறது. அதற்கு முதல் சில வாரங்கள் பொன் மாதிரி. அங்கே இங்கே அலைந்து அதைக் கழித்துவிடாதீர்கள்.

செலவு பற்றியும் கேட்டிருந்தார்கள். 2013இல் தொடங்கிய பள்ளி, அங்கன்வாடிக் குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தில் (ஆர்.பி.எஸ்.கே.) பிறவிக் குறைகள் பட்டியலில் கிளப் ஃபுட்டும் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டு கவனிக்கும் மாவட்ட மையம்) என்று போர்டு போட்ட இடத்தில் விசாரியுங்கள். எங்களுக்குக் கட்டுக்குக் காசு ஆகவில்லை. வாரா வாரம் பஸ், சாப்பாடு, இவருடைய ஒருநாள் சம்பளம், அதுதான் செலவு.

18 ஆகஸ்ட் 2021

கிரகணம். இதை எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன். புதுக்கோட்டைத் தங்கச்சி தனியாகக் கேட்டதால் எழுதுகிறேன்.

2018 ஜனவரி 31, சாயங்காலம் சந்திர கிரகணம். எனக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கினேன். பிள்ளை பிறந்த அன்றிலிருந்து அத்தை அந்த வெண்டைக்காயை விடவில்லை. கூட்டத்தில் சொல்வார், தனியாகச் சொல்வார், போனில் நாத்தனாரிடம் சொல்வார். ஒரு கட்டத்தில் நானே நம்பிவிட்டேன். தூங்கும் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்ட ராத்திரிகள் உண்டு.

நாலு மாதம் கழித்து ஃபைலை அடுக்கும்போது பழைய ஸ்கேன் ரிப்போர்ட் கையில் கிடைத்தது. ஐந்தாம் மாதத்தில் எடுத்தது, 2017 டிசம்பர். கடைசி வரியில் இடது பாதம் என்று போட்டு 'சி.டி.இ.வி.?' என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தது. கிளப் ஃபுட்டுக்கு டாக்டர்கள் எழுதும் சுருக்கம் அது. அன்றைக்கு யாரும் எங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. ரிப்போர்ட் டிசம்பர், கிரகணம் ஜனவரி. தேதியை விரலால் காட்டினேன். அத்தை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் அந்தப் பேச்சே வரவில்லை.

காரணம் என்ன என்று இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. 2008இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஆராய்ச்சியாளர்கள், தலைமுறை தலைமுறையாகக் கிளப் ஃபுட் வரும் ஒரு குடும்பத்தில் பிட்எக்ஸ்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். கருவில் முளைக்கும் மொட்டு கையாக வேண்டுமா காலாக வேண்டுமா என்பதில், காலாக ஆக்கும் மரபணு அது. ஏன் கையில் வராமல் காலில் மட்டும் வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் இப்படி ஒரே மரபணுவைக் கைகாட்ட முடியாது. சுமார் ஆயிரம் பிறப்புக்கு ஒன்று, பெண் பிள்ளைகளைப்போல் இரு மடங்கு ஆண் பிள்ளைகளுக்கு, பாதிப் பேருக்கு இரண்டு காலிலும். வெண்டைக்காய் இதில் எங்கும் இல்லை தங்கச்சி. நீங்கள் எதையும் செய்துவிடவில்லை.

5 செப்டம்பர் 2021

இந்த முறையைக் கண்டுபிடித்த இத்தாலிக்காரரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்.

6 செப்டம்பர் 2021

இத்தாலிக்காரர் இல்லை, தப்பாக எழுதிவிட்டேன். பெயரை வைத்து நானாக முடிவு கட்டியது. இக்னாசியோ பொன்செட்டி ஸ்பெயினைச் சேர்ந்தவர், மெனோர்கா தீவில் 1914 ஜூன் 3 பிறந்தவர். (அந்த ஜூன் 3தான் இப்போது உலகக் கிளப் ஃபுட் நாள்.) அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர், இவரும் சின்ன வயதில் அந்தப் பட்டறையில் இருந்தவர். உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையின் பக்கம் மருத்துவராக வேலை செய்தார். 1939இல் தோல்விக்குப் பிறகு காயம்பட்டவர்களோடு மலையைக் கடந்து பிரான்சுக்குப் போனார். அங்கிருந்து மெக்சிகோ, 1941இல் அமெரிக்காவின் அயோவா.

அயோவாவில் அவருக்குக் கிடைத்த வேலை, முன்பு ஆபரேஷன் செய்த கிளப் ஃபுட் குழந்தைகள் பிற்பாடு எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது. பாதங்கள் விறைத்து, வலியோடு இருந்தன. அதனால் கத்தியை வைத்துவிட்டுப் பாதத்தின் மூட்டுகள் எப்படி ஒன்றோடொன்று சேர்ந்து அசைகின்றன என்று இறந்த உடல்களின் பாதங்களை அறுத்துப் பார்த்துப் படித்தார். இணைப்பு நார்களை நுண்ணோக்கியில் பார்த்தார். அதிலுள்ள கொலாஜன் இழைகள் சுருள் சுருளாக, அலை அலையாக இருந்தன. மெதுவாக இழுத்தால் அந்தச் சுருள் விரிகிறது, சில நாளில் மறுபடி சுருள் உண்டாகிறது, அப்போது மறுபடி இழுக்கலாம். ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு கட்டு என்பதற்குக் காரணம் இதுதான். நாங்கள் ஏதோ டாக்டரின் ஓ.பி. நாள் வசதிக்கு என்றல்லவா நினைத்திருந்தோம்!

1963இல் கட்டுரை எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1970, 80களில் உலகம் முழுவதும் பெரிய ஆபரேஷன்தான் வழக்கம். அவரிடம் சிகிச்சை பெற்ற பிள்ளைகள் பெரியவர்களான பிறகு தேடிப்பிடித்துப் பார்த்த ஆய்வு 1995இல் வந்தது. 45 பேர், 71 பாதங்கள், சராசரி வயது 34. பாதம் நன்றாகவோ மிக நன்றாகவோ இருந்தவர்கள் 78 சதவீதம். பிறவிக் குறையே இல்லாத, அதே வயதுக்காரர்களில் 85 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் நான் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களை இதே மாதிரி நீண்ட காலம் கழித்துப் பார்த்த 2006ஆம் வருட ஆய்வில் விறைப்பு, வலி, மூட்டுத் தேய்மானம்.

அப்புறமும் இந்த முறை பரவியது டாக்டர்களால் மட்டும் இல்லை. 1990களின் கடைசியில் அமெரிக்க அம்மா அப்பாக்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் எழுதி, அயோவாவில் ஒரு வயதான டாக்டர் இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டியும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2009இல் இறந்தார்.

20 அக்டோபர் 2021

ஷூ. இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

இரண்டு குட்டி ஷூ, நடுவில் தோள் அகலத்துக்கு ஒரு கம்பி. சரியான கால் 40 டிகிரி வெளியே பார்க்கும், கோணலாக இருந்த கால் 70 டிகிரி. கடைசிக் கட்டு பிரித்த நாளிலிருந்து மூன்று மாதம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம், குளிக்க மட்டும் கழற்றலாம். அதன் பிறகு ராத்திரியும் பகல் தூக்கமும், நான்கைந்து வயது வரை. ஆமாம், வருடக்கணக்கில். கட்டுப் போட்ட வாரங்களை யாரும் மறக்க மாட்டார்கள், இதை மறந்துவிடுவார்கள், அதனால்தான் திரும்ப வருகிறது.

பெரியவள் அதற்கு 'சைக்கிள் ஹேண்டில்' என்று பெயர் வைத்தாள். அவனோ 'என் வண்டி' என்பான். முதல் மாதம் அத்தை பூஜை அறை வாசலில் நிறுத்திவிட்டார், செருப்புக் காலோடு பிள்ளையை உள்ளே தூக்கி வரக்கூடாது என்று. ஒரு வாரம் யோசித்தார். பிறகு அவரே, அது செருப்பு இல்லை, மருந்து என்று தீர்ப்புச் சொல்லி, கம்பிக்கும் சேர்த்து விபூதி பூசிவிட்டார். இன்று வரை ராத்திரி எட்டரைக்கு 'மருந்து போட்டாச்சா' என்று முதலில் கேட்பவர் அத்தைதான்.

இடையில் 2020 லாக்டவுனில் கால் வளர்ந்துவிட்டது, அடுத்த சைஸ் ஷூ கிடைக்கவில்லை, கொஞ்சம் திரும்பிவிட்டது. ஆகஸ்டில் மறுபடி மூன்று கட்டுப் போட்டுச் சரிசெய்தார்கள்.

27 டிசம்பர் 2021

புதுக்கோட்டைத் தங்கச்சிக்குப் பெண் குழந்தை! இரண்டு பாதமும் கிளப் ஃபுட், மற்றபடி எல்லாம் நலம் என்று எழுதியிருக்கிறாள். பத்தாம் நாள் முதல் கட்டாம்.

கட்டு காலத்துக்குச் சில விஷயங்கள், எனக்கு யாரும் சொல்லாதவை. கட்டுப் போட்ட நாள் ராத்திரி மணிக்கு ஒரு தடவை கால் விரல்களைப் பார். நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும். விரல்கள் நேற்றைவிட உள்ளே போயிருந்தால் கட்டு நழுவுகிறது என்று அர்த்தம், அடுத்த வாரம் வரை காத்திருக்காதே, அன்றைக்கே ஓடு. குளிப்பாட்டாதே, துடைத்துவிடு. தொடை மடிப்பில் பவுடர் கொட்டாதே.

2 மார்ச் 2022

"நாளைக்குத் தசைநார் வெட்டுகிறார்கள், கை நடுங்குகிறது" என்று தங்கச்சி எழுதியிருக்கிறாள்.

எங்களுக்கு அது பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மரத்துப்போக ஊசி, ஒரு சின்னத் துளை, தையல் இல்லை. பாதம் சட்டென்று மேலே வந்ததாக டாக்டர் சொன்னார். இதே மாதிரி சின்னத் துளை வழியாக நாரை வெட்டும் வேலை பழையது. 1836இல் லண்டன்காரரான வில்லியம் லிட்டில் என்ற இளம் மருத்துவர், சின்ன வயதில் போலியோவால் கோணிய தன் காலோடு ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய், ஸ்ட்ரோமையர் என்பவரிடம் வெட்டிக்கொண்டார். சரியானதும் அதே வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி மற்றவர்களுக்குச் செய்தார். வான்கூவரில் வெட்டுவதற்குப் பதில் கெண்டைத் தசையில் போட்டாக்ஸ் (தசையைத் தளர்த்தும் மருந்து) ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது எல்லா இடத்திலும் வழக்கமாகவில்லை. நாளைக்குப் போய்விட்டு வா. பால் கொடுக்க எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று மட்டும் இன்றைக்கே கேட்டுக்கொள்.

11 செப்டம்பர் 2022

போன வருடம் அக்டோபரில் 'லாக்டவுனில் கொஞ்சம் திரும்பிவிட்டது' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அது முழு உண்மை இல்லை. தங்கச்சி நேற்று "ராத்திரி இரண்டு மணிக்கு அழுகிறாள், ஒரு நாள் கழற்றி வைத்தால் என்ன ஆகும் அக்கா" என்று கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

லாக்டவுன் மார்ச் 25. நான் ஜனவரியிலேயே கழற்ற ஆரம்பித்துவிட்டேன். அவனுக்குச் சளி, காய்ச்சல். ஒரு ராத்திரி கழற்றினேன், நன்றாகத் தூங்கினான், நானும் தூங்கினேன். மறுநாள் காய்ச்சல் இல்லை, ஆனாலும் இரண்டு மணிக்கு அழுதான், கழற்றினேன். வாரத்தில் ஒரு நாள் என்பது மூன்று நாள் ஆயிற்று. இவரிடம் சொல்லவில்லை. அத்தை காலையில் எழும் முன் மறுபடி மாட்டிவிடுவேன். டாக்டர் கேட்டபோது 'தினமும் போடுகிறோம்' என்றேன். ஏப்ரலில் பழைய ஷூ பத்தாமல் போனபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு நிம்மதி.

ஜூலையில் ஒரு நாள் கொல்லைப்புறம் குத்தவைத்து உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது குதிகால் தரையில் இருந்தது. இடது குதிகால் ஒரு விரல் உயரம் தூக்கியிருந்தது. அடியில் என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், போயிற்று.

2004இல் அயோவாவிலிருந்து வந்த ஆய்வில் 157 குழந்தைகள். 98 சதவீதம் பேருக்குக் கால் நேராகியிருந்தது. திரும்ப வந்தது 11 சதவீதத்துக்கு. எந்த வயதில் வந்தார்கள், எத்தனை கட்டுப் போட்டார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஷூ போடாததோடுதான் சம்பந்தம். 2016இல் அமெரிக்காவில் ஷூவுக்குள் சென்சார் வைத்துப் பார்த்தார்கள். பெற்றோர் சொன்ன மணி நேரத்தைவிடச் சென்சார் காட்டியது நிறையக் குறைவு. அதைப் படித்த அன்று, அந்த ஊர் அம்மாக்களும் என் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கச்சி, கழற்றாதே. அதைவிட முக்கியம், கழற்றினால் டாக்டரிடம் மறைக்காதே. நான் ஜனவரியிலேயே சொல்லியிருந்தால், அழுகைக்குக் காரணம் குதிகால் ஷூவில் சரியாக உட்காராததுதான் என்று பார்த்துச் சொல்லியிருப்பார்கள். ஆகஸ்டில் அதைத்தான் சொன்னார்கள். நடுப்பட்டையை முதலில் இறுக்கி, குதிகால் ஓட்டை வழியாகக் குதிகால் தெரிகிறதா பார்த்து, பிறகு மற்றப் பட்டைகள். ஐந்தாறு நாளில் அழுகை நின்றுவிட்டது.

14 செப்டம்பர் 2022

திட்டாமல் பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இவரும் படித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கு ராத்திரி ஷூவை அவரே மாட்டினார். அன்றிலிருந்து அது அவர் வேலை.

தேனியிலிருந்து கேட்டவருக்கு: நான்கு வயதாகியும் சிகிச்சையே பார்க்கவில்லை என்றாலும் போங்கள். பிரேசிலில் நடக்கிற வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டுப் போட்டு 2007இல் எழுதியிருக்கிறார்கள். 24 பாதங்களில் 16 முழுதாகச் சரியாகியிருக்கின்றன. மலாவியில் வாரத்துக்கு மூன்று முறை கட்டு மாற்றி, சீக்கிரம் முடித்தும் பார்த்திருக்கிறார்கள், பலன் குறையவில்லை. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! எங்கள் பஸ் கணக்கை நினைத்துப் பார்க்கிறேன்.

21 மே 2023

ஐந்து வயது. இனி ராத்திரி ஷூ வேண்டாம் என்றுவிட்டார்கள். முதல் ராத்திரி பதினோரு மணி வரை தூங்கவில்லை. 'என் வண்டி எங்கே' என்று கேட்டு, மாட்டிவிட்ட பிறகுதான் தூங்கினான். நான்காம் நாள் மறந்துவிட்டான். அத்தைக்குத்தான் எட்டரை மணியானால் கை பரபரக்கிறது.

கடைசி ஜோடியைக் கழுவிக் காயவைத்து ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டோம், அடுத்த பிள்ளைக்கு ஆகும்.

3 ஜூன் 2023

தங்கச்சி மகள் கோயில் பிராகாரத்தில் ஓடுகிற வீடியோ அனுப்பியிருக்கிறாள். மூன்று தடவை பார்த்தேன். குதிகால் இரண்டும் தரையில் படுகிறது.

பெரியவர்களைத் தேற்ற யாராவது பெயர் வேண்டும் என்றால்: 1992 ஒலிம்பிக்கில் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் (பனித்தளத்தில் தனியாகச் சறுக்கி ஆடும் போட்டி) தங்கம் வாங்கிய கிறிஸ்டி யமகுச்சி, அமெரிக்கக் கால்பந்து வீராங்கனை மியா ஹாம், இருவரும் கிளப் ஃபுட்டோடு பிறந்தவர்கள்.

9 ஜூன் 2024

நாளை பள்ளி திறப்பு. வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கப் போனோம். இடது பாதம் 11, வலது 12. போன வருடம் வரை பெரிய சைஸ் வாங்கி இடது ஷூ முனையில் பஞ்சு அடைத்தோம். ஓடும்போது மடங்கி விழுகிறான் என்று இந்த முறை இரண்டு ஜோடியாகவே வாங்கிவிட்டோம். கடைக்காரர் இரண்டு பெட்டியையும் பிரித்து, ஒன்றில் இவனுக்கு வேண்டியதைப் போட்டுக் கொடுத்தார். மற்றப் பெட்டி அலமாரி மேல் இருக்கிறது.

சிவகாசி அண்ணா, உங்கள் பெண்ணுக்கு வலது கால்தானே? என்னிடம் இருப்பது இடது 12, வலது 11. புதுசு, லேஸ்கூடக் கோக்கவில்லை. அவளுக்கு இப்போது என்ன சைஸ்?